அங்க அடையாளம்

பீரோவில் பத்திரமாக வைத்திருப்பீர்களே, அந்தப் பள்ளிக்கூட டி.சி.யை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர், நடத்தை 'நன்று' எல்லாவற்றையும் தாண்டி, ஒரு மூலையில் 'அங்க அடையாளங்கள்' என்று இரண்டு வரி இருக்கும். 'வலது முழங்கையில் ஒரு மச்சம். இடது கன்னத்தில் ஒரு மச்சம்.' பள்ளிக்கூட கிளார்க் உங்களைச் சட்டைக் கையைத் தூக்கச் சொல்லி, அரை நொடி பார்த்து எழுதியது. மச்சத்துக்கும் நமக்கும் உள்ள அதிகாரபூர்வமான உறவு அத்தோடு சரி. அதற்குப் பிறகு மச்சம் என்றால் யோகம்தான். 'அவனுக்கு உடம்பெல்லாம் மச்சம்யா' என்று பெருமூச்சு விட்டால், பிள்ளையாண்டான் அதிர்ஷ்டக்காரன் என்று அர்த்தம்.

இதே வாக்கியத்தை ஆஸ்திரேலியாவில் போய்ச் சொன்னால், எதிரில் இருப்பவர் உடனே டாக்டருக்கு போன் போடுவார்.

ஏன்னா, உலகத்திலேயே தோல் புற்றுநோய் மிக அதிகமாக வருகிற தேசங்கள் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும். காரணம், சரித்திரம். மேகமும் தூறலுமாக இருக்கும் பிரிட்டிஷ் தீவுகளுக்கென்று அமைந்த வெளுத்த தோலை, கப்பலில் ஏற்றிக்கொண்டு போய் கொளுத்தும் வெயிலில் இறக்கிவிட்டார்கள். 70 வயதுக்குள் மூன்று ஆஸ்திரேலியர்களில் இரண்டு பேருக்கு ஏதோ ஒரு வகைத் தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது என்பது அங்கே அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. 1981-ல் ஒரு கார்ட்டூன் கடல்புறாவை டி.வி.யில் ஆடவிட்டு 'ஸ்லிப், ஸ்லாப், ஸ்லாப்' என்று பாட வைத்தார்கள். (தமிழில் எழுதினால் இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றாகிவிடுகின்றன. சட்டையை மாட்டு, க்ரீமைப் பூசு, தொப்பியைக் கவிழ்த்துக்கொள் என்று அர்த்தம்.) அந்தப் பாட்டைக் கேட்டு ஒரு தலைமுறையே வளர்ந்தது.

வந்துவிடுகிறது என்றதும் பதற வேண்டாம். பெரும்பாலும் வருவது மெதுவாக வளர்ந்து, வெட்டி எடுத்தால் போய்விடுகிற சாது ரகம். ஆளைக் கொல்வது முக்கியமாக மெலனோமா என்கிற ஒரு வகை. மச்சத்துக்கு நிறம் கொடுக்கும் செல்களில் கிளம்புவது. சமயத்தில் மச்சத்தின் வேஷத்திலேயே உட்கார்ந்திருக்கும். 1970-ல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற அமெரிக்க மருத்துவர், இந்தக் கட்டியின் விதியை முடிவுசெய்வது அதன் அகலத்தைவிட ஆழம்தான் என்று கண்டுபிடித்தார். ஸ்கேல் வைத்து அளப்பதுபோல மைக்ராஸ்கோப்பில் அளந்தார். அவர் போட்ட முதல் கோடு 0.76 மில்லிமீட்டர். அதற்குள் இருந்தால் அநேகமாகப் பிழைத்துக்கொள்ளலாம்.

உங்கள் பர்ஸில் இருக்கும் ஏ.டி.எம். கார்டைக் கொஞ்சம் வெளியே எடுங்கள். அதன் தடிமன் 0.76 மில்லிமீட்டர். அவ்வளவுதான் அவகாசம். அதற்குள் பிடித்தால், மரத்துப்போக ஒரு ஊசி, சின்னதாக ஒரு வெட்டு, நாலு தையல், சாயந்திரம் வீட்டில் காபி. நாலைந்து கார்டுகளை அடுக்கிய கனத்துக்குப் போய்விட்டால் விவகாரம் வேறு. 2011-க்குப் பிறகு வந்த புது மருந்துகள் பலரைப் பிழைக்க வைத்திருக்கின்றன என்றாலும், அது காசும் கஷ்டமுமான பாதை.

இந்த ஒரு கார்டு கனத்துக்குள் யார் பார்ப்பது? தோல் டாக்டர் பெருநகரத்தில் இருப்பார். அப்பாயின்ட்மென்ட் கிடைக்க மாதக்கணக்கு ஆகும். சளிக்கும் காய்ச்சலுக்கும் நாம் போய் உட்காருகிறோமே, அந்தக் குடும்ப டாக்டர்தான் பார்த்தாக வேண்டும். அதனால் அவருக்குச் சொல்லிக்கொடு என்றார்கள். ஆஸ்திரேலியாவில் இன்று பெருமளவு தோல் புற்றுநோயைப் பார்ப்பதும் வெட்டுவதும் குடும்ப டாக்டர்கள்தான். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது.

நல்ல விஷயம்தானே, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பீர்கள். இருக்கிறது. ஒரு மனிதனுக்கு ஆபத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டால், அவன் கண்ணுக்கு அதற்குப் பிறகு எல்லாமே ஆபத்தாகத் தெரியத் தொடங்குவதை என்ன செய்வது?

* * *

முதலில், எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்ப்போம். 1985-ல் நியூயார்க்கில் தோல் டாக்டர்கள் சிலர் ஒரு சூத்திரம் போட்டார்கள். ஏ, பி, சி, டி. மச்சத்தின் ஒரு பாதி மறு பாதியைப் போல இல்லையா? ஓரம் கந்தலாக இருக்கிறதா? ஒரே மச்சத்தில் பல நிறமா? குறுக்களவு 6 மில்லிமீட்டருக்கு மேலா? பின்னால் 'ஈ'யையும் சேர்த்தார்கள்: மாறிக்கொண்டே வருகிறதா? எல்.கே.ஜி. பிள்ளைகூட மனப்பாடம் செய்துவிடும். சிக்கல் என்னவென்றால், மெலனோமா இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு வருவதில்லை. சீராக, உருண்டையாக, ஒரே நிறத்தில், குண்டுமணி மாதிரி வருகிற வகை ஒன்று உண்டு. மற்றதைவிட வேகமாக ஆழத்தில் இறங்குவது அதுதான். மறுபக்கம், ஏபிசிடி நாலிலும் மாட்டிக்கொள்கிற அப்பாவி மச்சங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

அதனால் அனுபவசாலிகள் சூத்திரத்தை ஓரளவுக்குத்தான் நம்புவார்கள். பேங்க் கேஷியரைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? கட்டை அப்படியே விரலால் தள்ளிக்கொண்டே போவார். டக்கென்று ஓரிடத்தில் கை நிற்கும். அந்த ஒரு நோட்டை மட்டும் உருவி வெளிச்சத்தில் காட்டுவார். கள்ள நோட்டு. எப்படி சார் தெரிந்தது என்றால் அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. அவர் கள்ள நோட்டைப் பார்த்துப் பழகியவர் இல்லை. லட்சக்கணக்கில் நல்ல நோட்டைத் தொட்டவர். நல்லதன் பழக்கம்தான் கெட்டதைக் காட்டிக்கொடுக்கிறது.

டாக்டர் விஷயமும் இதேதான். ஒவ்வொருவர் உடம்பிலும் மச்சங்களுக்கு ஒரு குடும்பச் சாயல் இருக்கும். அந்தச் சாயலில் சேராமல் ஒன்று தனியாக நின்றால் அதைப் பார் என்கிறார்கள். மேல்நாட்டில் இதற்கு 'அழகில்லாத வாத்துக்குஞ்சு' என்று பெயர், ஆண்டர்சன் கதையிலிருந்து. ஆக, கெட்ட மச்சத்தைக் கண்டுபிடிக்க ஒரு டாக்டர் முதலில் பல்லாயிரம் நல்ல மச்சங்களைப் பார்த்துச் சலித்திருக்க வேண்டும்.

அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஜெர்மனியில் எட்டு மணி நேரம் என்று முடிவுசெய்தார்கள்.

* * *

கிண்டல் செய்யவில்லை. நல்ல நோக்கத்தோடு, ஜெர்மானியருக்கே உரிய கறாரோடு செய்யப்பட்ட காரியம் அது. வடக்கே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் என்று ஒரு மாநிலம். சுமார் 28 லட்சம் ஜனத்தொகை. 2003 ஜூலையிலிருந்து ஒரு வருடம், 20 வயதுக்கு மேற்பட்ட யார் வேண்டுமானாலும் வந்து தலை முதல் கால் வரை தோலைக் காட்டிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். குடும்ப டாக்டர்களுக்கு எட்டு மணி நேரப் பயிற்சி. சந்தேகம் வந்தால் தோல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும், அவர் மறுபடி பார்ப்பார், தேவையென்றால் வெட்டுவார். மூன்று லட்சத்து அறுபதாயிரம் பேர் வந்தார்கள். சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். அந்த ஒரு வருடத்தில் சுமார் 16,000 இடங்களில் வெட்டி எடுத்துச் சோதித்தார்கள். மெலனோமா 585. மற்ற சாது ரகங்களையும் சேர்த்தால் சுமார் 3,100 புற்றுநோய்கள்.

ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால், அந்த மாநிலத்தில் மெலனோமாவால் சாகிறவர்களின் விகிதம் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருந்தது! உலகமே திரும்பிப் பார்த்தது. இதற்கு நடுவில், 2008 ஜூலையிலிருந்து ஜெர்மனி முழுக்க 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, இன்ஷூரன்ஸ் செலவிலேயே இந்தச் சோதனையைக் கொண்டுவந்துவிட்டார்கள். அதே எட்டு மணி நேரப் பயிற்சிதான்.

அப்புறம்தான் கதை திரும்பியது. நாடு முழுக்கச் சாவு குறையவில்லை. அதைவிட வினோதம், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் குறைந்திருந்ததும் சில வருடங்களில் பழைய அளவுக்கே ஏறிவிட்டது. ஏன்? ஆராய்ச்சியாளர்கள் அடித்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு வருடம் இருந்த விழிப்பு உணர்வு பிறகு இல்லை என்கிறார்கள் சிலர். சாவு குறையவே இல்லை, மரணச் சான்றிதழில் காரணம் எழுதிய விதம்தான் மாறியிருந்தது என்கிறார்கள் வேறு சிலர். அமெரிக்காவில் இந்த மாதிரி விஷயங்களுக்கென்று இருக்கும் நிபுணர் குழு 2016-லும் சொன்னது, 2023-லும் சொன்னது: தொந்தரவு எதுவும் இல்லாதவர்களைக் கூப்பிட்டு உடம்பு முழுக்கப் பார்ப்பதால் நல்லது அதிகமா, கெட்டது அதிகமா என்று தீர்ப்புச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு கிழித்து, இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு என்று எழுதிப் பார்க்கிற வியாதி எனக்கு உண்டு. இந்த ஜெர்மன் கணக்கில் வலது பக்கம் சுலபம். 585 மெலனோமா என்று எழுதலாம். அதில் எத்தனை பேர் இதனால் பிழைத்தார்கள் என்பது தகராறு என்றாலும், ஏதோ எழுதலாம். இடது பக்கம் என்ன எழுதுவது? புற்றுநோய் இல்லை என்று முடிவான சுமார் 13,000 வெட்டுகள். அதாவது ஐந்தில் நாலு. ஒரு தழும்பு. ரிசல்ட் வரும் வரைக்கும் தூக்கமில்லாத ராத்திரிகள். பிள்ளைகளிடம் சொல்லலாமா வேண்டாமா என்ற யோசனை. எல்லாம் முடிந்து, 'ஒண்ணுமில்லீங்க, நல்ல மச்சம்தான்' என்று டாக்டர் சொன்னதும் அந்த ஆள் என்ன செய்வார்? கோபப்படுவாரா? மாட்டார். கையெடுத்துக் கும்பிடுவார். பற்றுப் பக்கத்தில் எழுத வேண்டியதை அவரே வரவுப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

தவறவிட்ட மெலனோமாவுக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு, அழுகிற மனைவி உண்டு, வக்கீல் நோட்டீஸ் உண்டு. வீணாக வெட்டியதற்கு எதுவும் கிடையாது. இந்தத் தராசில் நிற்கிற டாக்டர் எந்தப் பக்கம் சாய்வார்? சந்தேகம் வந்தால் வெட்டு. சந்தேகம் வராவிட்டாலும், வராததில் சந்தேகம் வந்து வெட்டு. எட்டு மணி நேரத்தில் கண் பழகியிருக்காது. பயம் பழகியிருக்கும்.

* * *

இதைவிடச் சங்கடமான ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் மெலனோமா என்று கண்டுபிடிக்கப்படுவது நாற்பது வருடங்களில் ஆறு மடங்கு ஆகியிருக்கிறது என்று 2021-ல் ஒரு மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். நோய் நிஜமாகவே ஆறு மடங்கு பெருகியிருந்தால் சாவும் ஏறியிருக்க வேண்டும் அல்லவா? அது ஏறவில்லை. பெரும்பாலும் ஒரே மட்டத்திலேயே இருந்தது. ஆகவே, மைக்ராஸ்கோப்பில் புற்றுநோய் என்று தெரிந்தவற்றில் கணிசமானவை, விட்டிருந்தால் அந்த மனிதரின் ஆயுசு முழுக்க அவரைத் தொந்தரவே செய்திருக்காத ரகமாக இருக்க வேண்டும் என்றார்கள்.

இதில் வேடிக்கை, அந்த மனிதர் யார் என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்டருக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆபத்தே இல்லாத ஒன்றிலிருந்து காப்பாற்றப்பட்டவர், நிஜ ஆபத்திலிருந்து தப்பியவரைப் போலவேதான் இருப்பார். 'சரியான நேரத்துல பார்த்தாரு, இல்லேன்னா நான் இன்னிக்கு இல்லை' என்று கண் கலங்குவார். தன் அக்காவையும் தங்கையையும் அனுப்பிவைப்பார். தேவையில்லாமல் கண்டுபிடிக்கப்பட்டவர்தான் இந்தத் திட்டத்துக்குக் கிடைக்கிற மிகச் சிறந்த விளம்பரம். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்வது உண்மை என்றும் சொல்ல முடியாது.

அப்படின்னா சொல்லிக்கொடுக்கவே வேண்டாமா? மச்சம் யோகம் என்றே இருந்துவிடலாமா?

அப்படி விட்டதன் விலையும் தெரிந்ததுதான். 1977-ல் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரல் நகத்துக்கடியில் ஒரு கறுப்பு. ஃபுட்பால் ஆடியதில் அடிபட்டது என்று நினைத்தார்கள். மெலனோமா. 1981 மே மாதம் இறந்தார். வயது 36.

என் யோசனை இது. நம்மைத் தேடி வந்தவருக்கும், நாம் தேடிப் போய் அழைத்து வந்தவருக்கும் நாம் பட்டிருக்கும் கடன் ஒன்றல்ல. 'டாக்டர், இந்த இடம் ரெண்டு மாசமா ஒரு மாதிரி இருக்கு' என்று ஒருவர் வந்தால், அவருடைய கவலை ஏற்கெனவே இருக்கிறது. டாக்டர் அதைக் கூட்டலாம், குறைக்கலாம், அவர் உண்டாக்கவில்லை. ஆனால் சும்மா ரோட்டில் போய்க்கொண்டிருந்தவரைக் கைதட்டிக் கூப்பிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி, 'இது கொஞ்சம் சந்தேகமா இருக்கே' என்றால், அந்தக் கவலைக்கு முழு முதலாளி நீங்கள். அங்கே தப்பு நடந்தால், முயற்சி செய்தோம் என்ற சமாதானம் செல்லாது.

வருகிறவர்களைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. பார்சிலோனாவிலும் நேப்பிள்ஸிலும் 73 குடும்ப டாக்டர்களுக்கு ஒரே ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு இரண்டு கோஷ்டியாகப் பிரித்து, ஒரு கோஷ்டி வெறும் கண்ணாலும், இன்னொரு கோஷ்டி டெர்மோஸ்கோப் என்கிற கையடக்கக் கருவியாலும் பார்த்தார்கள். விளக்கு வைத்த பூதக்கண்ணாடி என்று வைத்துக்கொள்ளுங்கள், தோலின் மேல்பரப்புக்குக் கீழே இருக்கிற நிறக்கோலத்தைக் காட்டும். 2006-ல் முடிவு வந்தது. வெறும் கண்காரர்கள் 23 புற்றுநோயைத் தவறவிட்டிருந்தார்கள். கருவிக்காரர்கள் 6. முக்கியமான விஷயம், கருவிக்காரர்கள் அதற்காக நல்ல மச்சக்காரர்களைக் கூடுதலாக அலைக்கழிக்கவும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே நாள் பயிற்சிதான். ஒரு பக்கம் இன்னும் சரியாகப் பார்க்க வழி கிடைத்தது.

அங்கேயே நிறுத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஆனால் ஒரு திறமை எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு கடை திறக்கும். ஆஸ்திரேலியாவில் மூலைக்கு மூலை தோல் புற்றுநோய் கிளினிக் என்று போர்டு தொங்குகிறது. பல இடங்களில் நேர்மையான, பிரமாதமான வேலை நடக்கிறது. ஆனாலும் அரசாங்க இன்ஷூரன்ஸ் செய்த வேலைக்குத்தான் பணம் தரும். வெட்டினால் ஒரு ரேட், தைத்தால் ஒரு ரேட், தோல் ஒட்டினால் ஒரு ரேட். 'உங்க முதுகுல இருக்கிற அறுபது மச்சத்தையும் பார்த்தேன், எதையும் தொட வேண்டாம்' என்று முடிவெடுக்கத்தான் அசாத்திய அனுபவம் வேண்டும். அந்த முடிவுக்கென்று தனியாக பில் போட வழியில்லை. காசு எதற்குக் கொடுக்கிறோமோ அது வளரும் என்பது பி.காம். முதல் வருடப் பாடம்.

* * *

'வெள்ளைக்காரன் வெயில்ல காயறான், அவனுக்கு வருது. நமக்கென்ன?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

பாதி சரி. நம் தோலில் இருக்கும் நிறமி ஒரு குடை. இந்தியாவில் மொத்தப் புற்றுநோயில் தோல் புற்றுநோய் மிகச் சிறிய பங்குதான். மச்சம் பார்க்கும் முகாம் நடத்தி நம்மையெல்லாம் வரிசையில் நிற்க வைத்தால், மேலே சொன்ன பற்றுப் பக்கம் மட்டும்தான் நிரம்பும். ஆனால் குடைக்கு வெளியேயும் இடம் இருக்கிறது. நிறமான தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வந்தால், பெரும்பாலும் வெயில் படாத இடத்தில் வருகிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கடியில். மார்லிக்கு வந்த மாதிரி.

மற்ற வகைகள் வருகிற விதமும் நம் வாழ்க்கையைப் பார்த்தே வருகிறது. காஷ்மீரில் குளிருக்காக அங்கிக்குள் வயிற்றோடு அணைத்துக்கொள்ளும் காங்ரி என்கிற கணப்புச் சட்டி, வருடக்கணக்கில் சுட்ட இடத்தில் புற்றுநோயை உண்டாக்குகிறது. 1866-லேயே ஒரு பாதிரி டாக்டர் எழுதிவைத்துவிட்டார். எப்போதோ தீப்பட்டு ஆறிய தழும்பு, இருபது முப்பது வருடம் கழித்துப் புண்ணாகி ஆறாமல் நிற்கும். வேட்டியையும் பாவாடை நாடாவையும் வாழ்நாள் முழுக்க இறுக்கிக் கட்டிய இடுப்பில் அபூர்வமாக வரும். (அபூர்வம் என்ற வார்த்தையை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ராத்திரியோடு ராத்திரியாக போன் செய்யாதீர்கள்.)

இப்போது நம் தெரு டாக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். சாயந்திரம் ஆறிலிருந்து ஒன்பதரை வரை அறுபது பேர். ஆளுக்கு மூன்றரை நிமிஷம். உள்ளே வருகிற பெரியவர் 'கால்ல புண்ணு ஆறவே மாட்டேங்குது' என்கிறார். சுகர் இருக்கா? இருக்கு. அவ்வளவுதான், கதை முடிந்தது. சுகர் புண். களிம்பு, ஆன்டிபயாடிக், பத்து நாள் கழிச்சு வாங்க. பத்தில் ஒன்பது முறை அது சரியாகவும் இருக்கும். பத்தாவது முறைக்குத்தான் பயிற்சி. செருப்பைக் கழற்றுங்கள் என்று சொல்ல, உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க, நாலைந்து வாரத்தில் ஆறாத புண்ணிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து பயாப்ஸிக்கு அனுப்ப. எட்டு மணி நேரம்கூட வேண்டாம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். அதற்கு அவர் பார்க்க வேண்டிய படங்கள் நம் நிறத்தில் இருக்க வேண்டும். புத்தகங்களில் பெரும்பாலும் ரோஜா நிறத் தோலில்தான் எல்லா நோயும் வருகிறது. 2020-ல் லண்டனில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரி மாணவராக இருந்த மலோன் முகுவெண்டே, கறுத்த தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று தன் ஆசிரியர்களோடு சேர்ந்து ஒரு கையேடு கொண்டுவந்தார். முதல் வருடப் பாடத்திலேயே, 'எங்க தோல்ல இது எப்படித் தெரியும்?' என்ற கேள்வி அவருக்கு வந்துவிட்டதாம். உலகத்தில் பெரும்பான்மையான மனிதர்களின் தோலைப் பற்றி, 2020 வரைக்கும் ஒரு மாணவன் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஆனால் டாக்டருக்கு மட்டும் பாடம் எடுத்தால் போதாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாம் எப்படிப்பட்ட நோயாளிகள்? டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு 'எனக்குச் சரியாத் தெரியலைங்க, இன்னொருத்தர் பார்க்கட்டும்' என்று சொன்னால், வெளியே வந்து என்ன சொல்வோம்? 'என்னய்யா டாக்டர் இவன், தெரியலைங்கறான்.' அடுத்த வாரம் வேறு கிளினிக். அங்கே ஊசி போட்டு ஐந்நூறு ரூபாய் வாங்குகிறவர் கெட்டிக்காரர். மருந்து எழுதாமல் 'ஒண்ணுமில்லை, போங்க' என்று அனுப்பினாலும் நமக்குக் குறைதான். ஃபீஸ் எதற்கு வாங்கினார் என்று தோன்றும். தெரியலை என்றாலும் தப்பு, ஒன்றுமில்லை என்றாலும் தப்பு. இந்த இரண்டையும் சொல்ல முடியாத டாக்டருக்கு என்ன பயிற்சி கொடுத்து என்ன?

ஆஸ்திரேலியாக்காரர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பதிலைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். சிட்னியில் ஸ்காட் மென்சீஸ் என்ற தோல் புற்றுநோய் நிபுணர் பழக்கப்படுத்தியது. சந்தேகமான மச்சத்தை டெர்மோஸ்கோப்போடு சேர்ந்த கேமராவில் படம் எடுத்துவைக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். மாறியிருந்தால் வெட்டு, மாறவில்லையென்றால் விடு. எல்லா மச்சத்துக்கும் இது ஆகாது. மேடு தட்டியிருந்தால் காத்திருக்கவே கூடாது. ஆனால் இந்த முறையைப் பெர்த் நகரத்துக் குடும்ப டாக்டர்களுக்குக் கருவியோடு கற்றுக்கொடுத்தபோது, நல்ல மச்சங்களை வெட்டுவதும் அனுப்புவதும் பாதிக்கும் மேல் குறைந்தது, நிஜ மெலனோமாவைக் கண்டுபிடிப்பதும் கூடியது என்று 2009-ல் எழுதியிருக்கிறார்கள். பயப்படவும் இல்லை, அலட்சியமும் இல்லை. டாக்டர் தேதி போட்டுக் காத்திருக்கிறார்.

இந்த முறை நடக்க ஒரே ஒரு நிபந்தனைதான். மூன்றாவது மாதம் அந்த ஆள் திரும்பி வர வேண்டும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, ஆபீஸில் அரை நாள் லீவு போட வேண்டும், அன்றைக்குப் பார்த்து மழை பெய்யும், மறுபடியும் ஃபீஸ் கேட்பார்கள். 'போன தடவை எடுத்த அதே போட்டோதான் இந்தத் தடவையும், போயிட்டு வாங்க' என்பார் டாக்டர்.

நீங்கள் போவீர்களா?